ஆங்கிலத்தில் ‘எ’ எங்கே, ‘தி’ எங்கே?

கேள்வி இது: “பள்ளியில் ஆர்ட்டிகிள் விதிகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். இன்றும் அலுவலகத்தில் நான் எழுதும் ஆங்கிலக் கடிதங்களில் மேலதிகாரி ஓரிடத்தில் ‘தி’யைச் செருகுகிறார், இன்னோரிடத்தில் அடிக்கிறார். காரணம் கேட்டால் ‘படித்தால் அப்படித்தான் வருகிறது’ என்கிறார். சொற்களைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே தடுமாற்றம். தமிழில் யோசிப்பதை விட்டால்தான் இது சரியாகுமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விட வேண்டாம். ஆர்ட்டிகிள் விஷயத்தில் தமிழில் யோசிப்பதுதான் உங்களைக் காப்பாற்றும். “தமிழில் ஆர்ட்டிகிளே கிடையாது, அதனால்தான் நமக்கு வரவில்லை” என்று ஆசிரியர்கள் சொல்லிச் சொல்லி நம்மை நம்பவைத்துவிட்டார்கள். ஆர்ட்டிகிள் என்று தனிச்சொல் தமிழில் இல்லை என்பது உண்மைதான். லத்தீனில் இல்லை, ரஷ்ய மொழியில் இல்லை, சீனத்திலும் ஜப்பானியத்திலும் இல்லை. ஆனால் அது செய்கிற வேலையைத் தமிழ் செய்யாமல் விடவில்லை. அதற்கு வேற்றுமை உருபையும் சொற்களின் வரிசையையும் பயன்படுத்துகிறது.

“நேற்று புத்தகம் வாங்கினேன்” என்று ஒரு நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். “என்ன புத்தகம்?” என்று கேட்பார். “நேற்று புத்தகத்தை வாங்கினேன்” என்று சொல்லுங்கள். இப்போது அவர் அப்படிக் கேட்கமாட்டார். எந்தப் புத்தகம் என்பது அவருக்குத் தெரியும், முன்பே பேசியிருக்கிறீர்கள். “எவ்வளவு ஆனது?” என்றுதான் கேட்பார். இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் மாறியது இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’ மட்டும். முதல் வாக்கியம் ஆங்கிலத்தில் ‘எ புக்’, இரண்டாவது ‘தி புக்’. துருக்கி மொழியிலும் பாரசீகத்திலும் செயப்படுபொருளின் உருபு ஏறத்தாழ இதே வேலையைச் செய்கிறது. இந்த ‘ஐ’யை எங்கே போடுவது, எங்கே விடுவது என்று உங்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. மூன்று வயதில் தானாக வந்தது.

இன்னொரு சோதனை, சொற்களின் வரிசை. “வாசலில் நாய் நிற்கிறது” என்றால் ஏதோ ஒரு நாய், பார்த்துப் போங்கள் என்று பொருள். “நாய் வாசலில் நிற்கிறது” என்றால் நம் வீட்டு நாய். அது எங்கே என்று தேடியவருக்குப் பதில். முதலாவது ‘தேர் இஸ் எ டாக் அட் தி கேட்’. இரண்டாவது ‘தி டாக் இஸ் அட் தி கேட்’. தமிழில் கேட்பவருக்குத் தெரிந்த பொருள் வாக்கியத்தின் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். புதிய பொருள் வினைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அப்படி முன்னால் வந்து உட்கார்ந்த பெயருக்கு ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘தி’தான்.

ஆக, ஆர்ட்டிகிள் என்பது பெயர்ச்சொல்லின் குணம் அல்ல. படிப்பவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுபவர் செய்யும் ஊகம் அது. இதைச் சொல்லாமல் ‘கேபிடல் லெட்டரில் தொடங்கினால் இப்படி, ஆற்றுக்கு அப்படி’ என்று நாற்பது விதிகளைக் கொடுத்தால் எந்த விதியும் கைகொடுக்காது. ஒரே ‘ரிப்போர்ட்’ என்ற சொல், அதை முதல்முறையாகக் கேள்விப்படுபவருக்கு ‘எ ரிப்போர்ட்’, கேட்டு வாங்கியவருக்கு ‘தி ரிப்போர்ட்’. உங்கள் மேலதிகாரியால் காரணம் சொல்ல முடியாமல் போவதும் இதனால்தான். அவர் திருத்துவது இலக்கணத்தை அல்ல. “எனக்குத் தெரிந்ததைத் தெரியாதது போல எழுதியிருக்கிறாய்” என்கிறார்.

ஒரு பெயர்ச்சொல்லை எழுதியதும் படிப்பவர் “எது?” என்று கேட்பாரா என்று யோசியுங்கள். கேட்பார் என்றால் ‘எ’. கேட்கத் தேவையில்லை என்றால் ‘தி’. உருபுச் சோதனை சில இடங்களில் வழுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனிதர்களைக் குறிக்கும் சொற்களுக்குத் தமிழில் ‘ஐ’ கட்டாயம். “பையன் பார்த்தேன்” என்று சொல்ல முடியாது. ஆகவே அங்கே “ஒரு பையனைப் பார்த்தேன்” என்று ‘ஒரு’ வருகிறதா என்பதைப் பாருங்கள். தொழிலைச் சொல்லும்போது அந்த ‘ஒரு’வும் வராது. “அவர் டாக்டர்” என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் எ டாக்டர்’ என்பதில் ‘எ’யை விட முடியாது. தமிழர்கள் எழுதும் விண்ணப்பங்களில் அதிகம் காணாமல் போகிற ‘எ’ இதுதான். ஒரே ஒருவர் வகிக்கும் பதவியாக இருந்தால் ஆர்ட்டிகிளே இல்லாமலும் வரும்: ‘ஷி வாஸ் எலெக்டட் பிரெசிடென்ட்’.

முதல்முறை சொன்னால் ‘எ’, இரண்டாம் முறை ‘தி’ என்று பள்ளியில் சொல்வது பாதி உண்மை. “ஒரு பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் சில்லறை கேட்டார்” என்று எழுதுகிறோம். கண்டக்டரைப் பற்றி அதற்கு முன் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் ‘தி கண்டக்டர்’தான். பஸ் என்றாலே கண்டக்டர் உண்டு, ஒருவர்தான் உண்டு. அதே பஸ்ஸில் ஒரு பயணி கால் மிதிபட்டுக் கத்தினால் அவர் ‘எ பேசஞ்சர்’, பயணிகள் பலர். கல்யாணம் என்று சொல்லிவிட்டால் மணமகளுக்கு ‘தி’, விருந்தாளிக்கு ‘எ’. சூரியனுக்கும் நிலாவுக்கும் ‘தி’ போடச் சொல்வதும், ‘பெஸ்ட்’ ‘டாலஸ்ட்’ போன்றவற்றுக்கு முன் ‘தி’ போடச் சொல்வதும் இதே காரணத்தால்தான். ஒன்றே ஒன்று இருந்தால் எது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

‘ஆஃப்’ வந்தால் முன்னால் ‘தி’ போடு என்று ஒரு விதி பயிற்சி வகுப்புகளில் உலவுகிறது. அதை மறந்துவிடுங்கள். ‘தி சேர்மன் ஆஃப் தி கமிட்டி’ சரி, தலைவர் ஒருவரே. ‘ஐ ஆம் தி மெம்பர் ஆஃப் தி கமிட்டி’ என்று எழுதினால் அந்தக் குழுவில் நீங்கள் ஒருவர்தான் உறுப்பினர் என்றாகும். அங்கே ‘எ மெம்பர்’. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. ஆங்கிலம் இதிலும் சில இடங்களில் சலுகை கொடுக்கும். ஒரு விவசாயிக்கு நான்கு மகன்கள் இருந்தாலும் அவர்களில் ஒருவரை ‘தி சன் ஆஃப் எ ஃபார்மர்’ என்று சொல்வது வழக்கம்தான்.

இதெல்லாம் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு ஐ.நா. பாதுகாப்பு அவையின் 242ஆம் தீர்மானத்தைக் காட்டலாம். 1967 ஜூன் மாதப் போருக்குப் பின், அதே ஆண்டு நவம்பர் 22 அன்று அவை அதை ஒருமனதாக நிறைவேற்றியது. அந்தப் போரில் பிடித்த நிலப்பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்பது அதில் ஒரு கூறு. ஆங்கில வாசகத்தில் ‘டெரிட்டரீஸ்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘தி’ இல்லை. ‘தி’ இல்லாததால் எல்லாப் பகுதிகளையும் விட்டு விலக வேண்டும் என்று பொருளில்லை என்று இஸ்ரேல் தரப்பு வாதிட்டது. பிரெஞ்சு வாசகத்தில் அந்த இடத்தில் ஆர்ட்டிகிள் இருக்கிறது, ஆகவே எல்லாப் பகுதிகளும்தான் என்று அரபுத் தரப்பு வாதிட்டது. பிரிட்டிஷ் தூதர் கராடன் பிரபு முன்வைத்த வரைவு அது. அந்தச் சொல் கவனமாகப் பேசி வைக்கப்பட்டது. சட்ட அறிஞர்கள் இன்றும் அந்த மூன்றெழுத்து இல்லாமையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

1969இல் நிலவில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கும் ஓர் ‘எ’ விவகாரம் உண்டு. ஒரு மனிதனுக்குச் சிறிய அடி, மனிதகுலத்துக்குப் பெரிய பாய்ச்சல் என்று அவர் சொல்ல நினைத்தார். ஒலிப்பதிவில் ‘ஃபார் மேன்’ என்றுதான் பெரும்பாலோர் காதில் விழுகிறது. ‘ஃபார் எ மேன்’ என்றே தாம் சொல்ல எண்ணியதாக ஆர்ம்ஸ்ட்ராங் பின்னர் கூறினார். ‘எ’ இல்லாத ‘மேன்’ என்றால் மனிதகுலம். அப்போது வாக்கியத்தின் முன்பாதியும் மனிதகுலம், பின்பாதியும் மனிதகுலம். ஒரு விரற்கடை எழுத்து விழுந்ததில் முரண்நயம் முழுவதும் போய்விட்டது.

ஆர்ட்டிகிள் இல்லாமல் விடும் இடத்துக்கு இந்த உதாரணமே வாசல். பொதுவாக ஒன்றைப் பற்றிப் பேசும்போது, அது எண்ண முடியாததாகவோ பன்மையாகவோ இருந்தால், முன்னால் எதுவும் வேண்டாம். ‘லைஃப் இஸ் ஹார்ட்’. யாருடைய வாழ்க்கை என்று குறுக்கிவிட்டால் ‘தி லைஃப் ஆஃப் எ ஃபிஷர்மேன் இஸ் ஹார்ட்’. சிறுவயதில் ‘தி’யை விட்டதற்காகத் திட்டு வாங்கியவர்கள் பெரியவர்களானதும் அதை எல்லா இடத்திலும் தெளிக்கிறார்கள். ‘தி சொசைட்டி’, ‘தி நேச்சர்’, ‘தி எஜுகேஷன்’, ‘தி பாவர்ட்டி’ என்று கல்லூரிக் கட்டுரைகள் நிரம்பி வழியும். சமுதாயம் என்று பொதுவாகச் சொல்லும்போது ‘இன் சொசைட்டி’ போதும். ‘தி சொசைட்டி’ என்று வெள்ளைக்காரர் படித்தால் எந்தக் கூட்டுறவுச் சங்கம் என்று தேடுவார். புலிகளைப் பற்றிப் பொதுவாகச் சொல்ல ‘தி டைகர்’ என்றும் எழுதலாம், ‘எ டைகர்’ என்றும் சில இடங்களில் எழுதலாம். என் யோசனை, ‘டைகர்ஸ்’ என்று பன்மையில் எழுதிவிடுங்கள். அது எங்கும் தவறாகாது.

எண்ணக்கூடியதா, எண்ண முடியாததா என்பதில்தான் தமிழ் நம்மை உண்மையிலேயே கைவிடுகிறது. அறிவுரைகள், தகவல்கள், ஆதாரங்கள், கருவிகள் என்று தமிழில் தாராளமாகப் பன்மை போடுகிறோம். அந்தப் பழக்கத்தில் ‘அட்வைசஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘எவிடென்சஸ்’, ‘எக்விப்மென்ட்ஸ்’, ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘லக்கேஜஸ்’, ‘ஃபீட்பேக்ஸ்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இவை அரிசி, தண்ணீர் போல அளக்கும் பொருள்கள். இவற்றுக்கு ‘ஸ்’ஸும் கிடையாது, முன்னால் ‘எ’யும் கிடையாது. ஒன்று என்று சொல்லியே ஆகவேண்டுமானால் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’. தமிழில் இதற்கு அருகில் வருவது ‘சாமான்’ என்ற சொல். “கடையில் சாமான் வாங்கி வந்தேன்” என்றால் பத்துப் பொருளாக இருந்தாலும் ஒருமையிலேயே நிற்கிறது.

இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் தர்க்கம் தேடாமல் அகராதியைப் பாருங்கள், அதுவும் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே செய்த அகராதியை. ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் ஆசிரியராக இருந்தபோது இரண்டு சகாக்களுடன் அப்படி ஓர் அகராதியைத் தயாரித்தார். 1942இல் தோக்கியோவில் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் 1948இல் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்து, இன்றுவரை புதுப்பித்து வருகிறது. ஆர்ட்டிகிள் இல்லாத மொழி பேசும் மாணவர்களுக்காகப் பிறந்த அகராதி அது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பக்கத்தில் எண்ணக்கூடியதற்கு ‘சி’, எண்ண முடியாததற்கு ‘யு’ என்று எழுத்துக் குறி இருக்கும். பலர் பொருளை மட்டும் படித்துவிட்டு அந்தக் குறியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சில சொற்களுக்கு இரண்டு குறியும் இருக்கும், பொருளும் மாறும். ‘பேப்பர்’ என்றால் காகிதம், ‘எ பேப்பர்’ என்றால் செய்தித்தாள் அல்லது ஆய்வுக் கட்டுரை. ‘அயன்’ இரும்பு, ‘ஆன் அயன்’ இஸ்திரிப் பெட்டி. ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்றால் வேலை அனுபவம். ‘ஆன் எக்ஸ்பீரியன்ஸ்’ என்றால் ஒருநாள் நடந்த சம்பவம். வேலைக்கான விண்ணப்பத்தில் எதை எழுத வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

‘எ’யா, ‘ஆன்’னா என்பது இவற்றிலெல்லாம் சுலபமானது. சொல்லைக் காதால் கேட்டுத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தாக இருந்தால் ‘ஆன்’, உயிர்மெய்யாக இருந்தால் ‘எ’. எம்.எல்.ஏ., எஃப்.ஐ.ஆர்., எஸ்.எம்.எஸ். எல்லாம் எகரத்தில் தொடங்குவதால் ‘ஆன்’. யுனிவர்சிட்டி, யூரோப்பியன், யு.பி.எஸ். ஆகியவற்றுக்கு ‘எ’. மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’, நேர்மையைக் குறிக்கும் ‘ஆனஸ்ட்’, ‘ஆனர்’, வாரிசைக் குறிக்கும் ‘ஏர்’ ஆகியவற்றில் முதலில் எழுதப்படும் ஹகரம் ஒலிப்பதில்லை, ஆகவே ‘ஆன்’. இப்படி ஊமை ஹகரம் உள்ள அடிப்படைச் சொற்கள் இந்த நான்கும்தான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: நம் வாயில் எகரத்துக்கு முன் யகரமும் ஒகரத்துக்கு முன் வகரமும் வந்து ஒட்டிக்கொள்ளும். ‘யெம்மெல்லே’ என்று சொல்லிப் பழகியவர் ‘எ எம்.எல்.ஏ.’ என்றுதான் எழுதுவார். மறுபக்கம், ‘ஒன்-வே’ என்று எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் ஆங்கிலத்தில் அது உண்மையாகவே ‘வன்’, ஆகவே ‘எ’.

இந்த ஒலி விளையாட்டு ஆங்கிலேயர்களையே ஏமாற்றியிருக்கிறது. சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரனின் பழைய பெயர் ‘நேப்ரன்’. ‘எ நேப்ரன்’ என்பதை ‘ஆன் ஏப்ரன்’ என்று பிரித்துக் கேட்டுக் கேட்டு அதன் நகரம் ஆர்ட்டிகிளோடு போய்விட்டது. செல்லப்பெயரான ‘நிக்நேம்’ எதிர்த்திசையில் ஒரு நகரத்தைச் சம்பாதித்தது. அது முன்பு ‘ஆன் எக்நேம்’. ஆரஞ்சுக்கும் ஆங்கிலத்தில் இப்படித்தான் ஆனது என்று சொல்வார்கள், அது சரியல்ல. நம் நாரங்காயோடு உறவுள்ள அந்தச் சொல் சமஸ்கிருதம், பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. அதன் நகரம் இத்தாலியத்திலும் பிரெஞ்சிலுமே விழுந்துவிட்டது. ஆங்கிலத்தின் கைக்கு வந்தபோது ஏற்கெனவே நகரம் இல்லை.

ஆர்ட்டிகிள் இருப்பதும் இல்லாததும் பொருளைத் தலைகீழாக்கும் சில இடங்களை மட்டும் தனியாகக் கவனியுங்கள். ‘லிட்டில் ஹோப்’ என்றால் நம்பிக்கை கொஞ்சம்தான், கிட்டத்தட்ட இல்லை. ‘எ லிட்டில் ஹோப்’ என்றால் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. தமிழில் ‘தான்’ என்ற இடைச்சொல் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் ‘எ’யை எடுத்துவிடுவது செய்கிறது. ‘ஃபியூ’, ‘எ ஃபியூ’ இரண்டும் அப்படியே. ‘எ நம்பர் ஆஃப்’ என்றால் பல, வினை பன்மையில் வரும். ‘தி நம்பர் ஆஃப்’ என்றால் எண்ணிக்கை, வினை ஒருமையில் வரும். ‘தி செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர்’ ஒரே ஆள், இரண்டு பதவி. நடுவில் இன்னொரு ‘தி’ நுழைந்தால் இரண்டு ஆள். சங்கத் தீர்மானங்கள் எழுதுபவர்கள் இதில் சறுக்கினால் வங்கியில் காசோலை திரும்பிவிடும்.

இனி சொல் தேர்வு. இங்கும் தடுமாற்றத்தின் வேர் ஒன்றுதான்: தமிழ் உருபில் வைத்திருக்கும் வேறுபாட்டை ஆங்கிலம் தனிச்சொல்லில் வைத்திருக்கிறது. ‘கேள்’ என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்ளுங்கள். “என்னிடம் கேட்டான்” என்றால் ‘ஆஸ்க்’. “எனக்குக் கேட்கவில்லை” என்றால் ‘ஹியர்’. “பாட்டுக் கேட்டேன்” என்றால் ‘லிசன்’. நாம் மூன்றையும் ஒருநாளும் குழப்பிக்கொள்வதில்லை. ‘இடம்’, ‘கு’ என்ற உருபுகள் பிரித்துக் காட்டிவிடுகின்றன. ஆங்கிலத்தில் அந்த உருபுகள் இல்லாததால் வினையே மூன்றாகிவிட்டது. கடனும் அப்படித்தான். “அவனிடம் கடன் வாங்கினேன்” என்றால் ‘பாரோ’, “அவனுக்குக் கடன் கொடுத்தேன்” என்றால் ‘லெண்ட்’. ‘சொல்’லும் இரண்டாகும். யாரிடம் என்று வாக்கியத்தில் உடனே வந்தால் ‘டெல்’, வராவிட்டால் ‘சே’. ‘ஹி டோல்டு தட்’ என்று நிறுத்தினால் ஆங்கிலம் நொண்டும். ‘ஹி டோல்டு மீ தட்’ என்றோ ‘ஹி செட் தட்’ என்றோ வர வேண்டும். எனவே ஒரு வினையை மொழிபெயர்க்கும் முன் தமிழ் வாக்கியத்தில் பெயரோடு ஒட்டியிருக்கும் உருபைப் பாருங்கள்.

ஆனால் அந்த உருபையே அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. “திட்டத்தைப் பற்றி விவாதித்தோம்” என்பதால் ‘டிஸ்கஸ்டு அபௌட்’ என்று எழுதுகிறோம். ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் ‘பற்றி’ இருக்கிறது. “அறைக்குள் நுழைந்தேன்” என்பதிலிருந்து ‘என்டர்டு இன்டு தி ரூம்’, “சென்னைக்கு வந்து சேர்ந்தேன்” என்பதிலிருந்து ‘ரீச்டு டு சென்னை’. மூன்றிலும் அந்த இடைச்சொல்லை வெட்டிவிடுங்கள். ‘நேற்று இரவு’ என்பது ‘லாஸ்ட் நைட்’, ‘இன்று காலை’ என்பது ‘திஸ் மார்னிங்’. ‘யெஸ்டர்டே நைட்’ என்றால் புரியும், ஆனால் உடனே ஊர் தெரிந்துவிடும்.

எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பது வழக்கம். அதற்குக் காரணம் கேட்கக் கூடாது. தேநீர் ‘ஸ்ட்ராங்’, மழை ‘ஹெவி’, காய்ச்சல் ‘ஹை’. தமிழில் மாத்திரை சாப்பிடுகிறோம், ஆங்கிலத்தில் ‘டேக்’ செய்கிறார்கள். தவறை ‘மேக்’ செய்கிறார்கள், வீட்டுப்பாடத்தை ‘டூ’ செய்கிறார்கள். ஆகவே புதுப் பெயர்ச்சொல் ஒன்றைக் குறித்துவைக்கும்போது தனியாகக் குறிக்காமல், அது வழக்கமாகத் தன்னோடு கூட்டிவரும் வினையையும் அடையையும் ஆர்ட்டிகிளையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.

இந்திய ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்றை முன்தேதிக்கு மாற்றுவதைச் சொல்லும் ‘ப்ரிபோன்’ அருமையான சொல், ஆங்கில அகராதிகளே ஏற்றுக்கொண்டுவிட்டன. ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்பது பிரிட்டிஷ் அதிகாரிகள் பணியிடத்தை ஸ்டேஷன் என்று அழைத்த காலத்தின் மிச்சம். உள்ளூர்க் கடிதத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். பொருள் மாறிவிடும் இடத்தில் மட்டும் பயப்படுங்கள். ‘டவுட்’ அப்படிப்பட்டது. நமக்குச் சந்தேகம் என்பது வகுப்பில் கை தூக்கிக் கேட்கும் கேள்வி. லண்டனில் இருக்கும் ஒருவருக்கு ‘ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் ரிப்போர்ட்’ என்று எழுதினால், உன் அறிக்கையை நான் நம்பவில்லை என்று படிப்பார். ‘கொஸ்டின்’ என்று எழுதுங்கள். ‘பாஸ்டு அவுட்’ என்றால் ராணுவப் பயிற்சி முடித்தவருக்குப் பொருந்தும், அதனால்தான் பாஸிங் அவுட் பரேடு. கல்லூரி முடித்தவர் எழுதினால் மயங்கி விழுந்ததாகத்தான் வெளிநாட்டவருக்குத் தோன்றும். ‘அளவுக்கு மிஞ்சி’ என்று பொருள்படும் ‘டூ’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ‘டூ ஸ்வீட்’ என்றால் ரொம்ப இனிப்பு என்று பாராட்டுவதல்ல, திகட்டுகிறது என்ற குறை.

பயிற்சிக்கு வருவோம். தலைப்புச் செய்திகளைப் படித்து ஆங்கிலம் கற்காதீர்கள். இடம் சேமிக்க அவை ஆர்ட்டிகிள்களைக் கழற்றிப் போட்டுவிடும், அறிவிப்புப் பலகைகளும் அப்படியே. அதற்குப் பதில் ஒரு நல்ல நாளிதழின் தலையங்கத்தில் ஒரு பத்தியை எடுத்து, அதிலுள்ள ‘எ’, ‘ஆன்’, ‘தி’ எல்லாவற்றையும் நீக்கி ஒரு தாளில் எழுதுங்கள். நிறையவே நீக்க வேண்டியிருக்கும். ஆங்கில எழுத்தில் மிக அதிகமாக வரும் சொல்லே ‘தி’தான், நூறு சொற்களில் ஐந்தாறு முறையாவது வரும். மறுநாள் மூலத்தைப் பார்க்காமல் நிரப்பி, பிறகு ஒப்பிடுங்கள். வேறுபட்ட இடங்களில் விதியைத் தேடாதீர்கள். அந்த இடத்தில் ஆசிரியர் படிப்பவருக்கு எது தெரியும் என்று எண்ணியிருக்கிறார் என்று கேளுங்கள். சொந்தக் கடிதத்தில், எழுதும்போது ஆர்ட்டிகிளை நினைத்துக் கை நிற்க வேண்டாம். எழுதி முடித்த பின் பெயர்ச்சொற்களை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருமுறை வாருங்கள். எண்ணக்கூடியதா? “எது?” என்று கேட்பாரா? எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் ஒன்று முன்னால் ‘எ’யோ ‘தி’யோ ‘மை’, ‘திஸ்’ போன்ற சொல்லோ இல்லாமல் அம்மணமாக நின்றால் அநேகமாக அது பிழை.

இலக்கணம் திருத்தும் மென்பொருள்களை இதில் முழுக்க நம்ப வேண்டாம். ‘எ’க்குப் பதில் ‘ஆன்’ வேண்டும் என்பதையும் ‘ஃபர்னிச்சர்ஸ்’ தவறு என்பதையும் அவை பிடித்துவிடும். ‘எ ரிப்போர்ட்’, ‘தி ரிப்போர்ட்’ இரண்டும் இலக்கணப்படி சரி என்பதால் அங்கே பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடும். அந்த அறிக்கையைப் படிப்பவர் முன்பே கேட்டிருந்தாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பெயர்களுக்கு முன் வரும் ‘தி’ மட்டும் இந்தக் கணக்குகளுக்குள் முழுதாக அடங்காது. காவிரிக்கும் நீலகிரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் ‘தி’ உண்டு, பழவேற்காடு ஏரிக்கும் எவரெஸ்ட்டுக்கும் கிடையாது. ‘தி யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்’ என்றால் ‘தி’ வரும், அதே இடத்தை ‘மெட்ராஸ் யுனிவர்சிட்டி’ என்றால் வராது. எழுத்து எழுத்தாக உச்சரிக்கும் ஆர்.பி.ஐ.க்கும் சி.பி.ஐ.க்கும் ‘தி’ போடுகிறார்கள், ஒரே சொல்லாக உச்சரிக்கும் இஸ்ரோவுக்கும் யுனெஸ்கோவுக்கும் போடுவதில்லை. உக்ரைன் 1991இல் தனிநாடான பின் ஆங்கில ஏடுகள் அதன் முன்னால் இருந்த ‘தி’யைக் கைவிட்டன, காம்பியா தன் ‘தி’யை அதிகாரபூர்வமாகவே வைத்துக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட பெயர்களுக்கு யோசித்து நேரம் செலவிடாதீர்கள். அந்த நிறுவனமோ நாடோ தன் ஆங்கில அறிவிப்புகளில், வாக்கியத்தின் நடுவில், தன்னை எப்படி எழுதிக்கொள்கிறது என்று பார்த்து அப்படியே எழுதிவிடுங்கள்.